நோய் உள்ள இடத்திற்கு மருந்து: நுண்குமிழியும் கேளா ஒலியும்

(மதுரை வட்டாரக் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். இரத்தக் குழாய்க்குள் நுரையைச் செலுத்தி, அதன்மேல் காதுக்குக் கேட்காத ஒலியைப் பாய்ச்சி, உடம்பில் எந்த இடத்தில் நோய் இருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் மருந்து இறங்கும்படி செய்வது எப்படி என்பதே அந்த விஷயமாகும். இதைக் கேட்டவுடனே, "ஊசியில் காற்று இருந்தால் ஆபத்து என்று நர்சம்மா ஊசியைத் தட்டித் தட்டிக் காற்றை வெளியே தள்ளுகிறாரே, நீங்கள் காற்றையே உள்ளே அனுப்புகிறேன் என்கிறீர்களே" என்று யாராவது கேட்டால் அது மிகவும் நியாயமான கேள்வியாகும். அப்படிக் கேட்கிறவர்தான் நமக்கு வேண்டியவர். கேளாமல் தலையை ஆட்டுகிறவருக்கு விஞ்ஞானத்தைச் சொன்னாலும் ஒன்றுதான், விபூதியைக் கொடுத்தாலும் ஒன்றுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் விடை சொல்லுகிறோம். இப்படி ஒரு முறை எதற்காக வேண்டியிருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

கரையை வெட்டும் வைத்தியம்

தோழர்களே! நீங்கள் வைகைத் தண்ணீரிலும் கண்மாய்த் தண்ணீரிலும் விவசாயம் செய்து பழகியவர்கள். கடைக்கோடியில் ஒரு வயல் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தண்ணீர் விட வேண்டுமானால் மடையைத் திறந்து, வாய்க்கால் வழியாகக் கொண்டுபோய், அந்த வயலின் வரப்பை வெட்டிப் பாய்ச்சுவீர்கள். அப்படிச் செய்யாமல் ஒருவன் கண்மாய்க் கரையையே வெட்டிவிட்டால் என்ன ஆகும்? அறுப்புக்கு நிற்கும் பயிர் மூழ்கும், களத்தில் கிடக்கும் நெல் போகும், குடிசைகள் இடியும், காய்ந்த வயலுக்கும் கொஞ்சம் தண்ணீர் போய்ச் சேரும்.

இன்று நாம் சாப்பிடும் மருந்துகளும் போட்டுக்கொள்ளும் ஊசிகளும் அநேகமாகக் கரையை வெட்டுகிற காரியந்தான். உடம்பிலுள்ள சுமார் 5 லிட்டர் இரத்தத்தையும் இருதயம் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. கையில் ஏற்றிய மருந்து காலுக்கும் போகிறது, குடலுக்கும் போகிறது, எலும்புக்குள்ளும் போகிறது. தலைவலி மாத்திரைக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பெருகுகிற உயிரணுவைக் கொல்லுவதே அதில் பலவற்றின் வேலை. மயிர்க்காலில் இருக்கும் உயிரணுவும் வேகமாகப் பெருகுகிறது. குடலின் உட்தோலும் எலும்பு மச்சையும் அப்படியே. ஆகவே முடி கொட்டுகிறது, வாந்தி எடுக்கிறது, வாய் புண்ணாகிறது, இரத்த அணுக்கள் குறைந்து சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைக் கொல்லப் பார்க்கிறது.

நம் மதுரை பாலரெங்காபுரத்தில் உள்ள அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து போய் வருகிற குடும்பங்களுக்கு இதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நோய்க்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதைக் கொண்டு மட்டும் அங்கே மருந்தின் அளவு தீர்மானமாவதில்லை. நோயில்லாத பாகம் எவ்வளவைத் தாங்கும் என்பதுதான் பல சமயங்களில் அளவைக் கட்டுகிறது. கட்டியைக் கொல்லப் போதுமான மருந்து ஆளையும் கொல்லுமானால் வைத்தியர் என்ன செய்வார்?

மந்திரமில்லாத மந்திரக் குண்டு

இந்தக் கஷ்டத்தை நூறு வருஷங்களுக்கு முன்பே நன்றாக உணர்ந்தவர் ஜெர்மனி தேசத்து பால் எர்லிக் என்பவர். உடம்பை விட்டுவிட்டு நோயை மட்டும் தாக்குகிற மருந்துக்கு அவர் "மந்திரக் குண்டு" என்று பெயர் வைத்தார். பெயர்தான் மந்திரமே ஒழிய அவர் மந்திரம் ஒன்றும் ஜெபிக்கவில்லை. நூற்றுக்கணக்கான இரசாயனப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 606 என்று எண்ணிட்ட பொருள் மேகநோய்க் கிருமியைக் கொல்லுவதைக் கண்டு, 1910ல் அதை மருந்தாக வெளியிட்டார். அவருடைய பரிசோதனைச் சாலையில் அந்தப் பொருளின் குணத்தைக் கண்டறிந்தவர் சகாசிரோ ஹாட்டா என்னும் ஜப்பானியர்.

அதே எர்லிக் 1885ல் வேறொன்றையும் கண்டார். பிராணிகளின் இரத்தத்தில் சாயத்தை ஏற்றினால் உடம்பு முழுவதும் நிறம் ஏறுகிறது, மூளையில் மட்டும் ஏறுவதில்லை. மூளைக்கு அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் இல்லை என்று அவர் காரணம் சொன்னார். அவருடைய சீடரான எட்வின் கோல்ட்மன் 1913ல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் விட்டுப் பார்த்தார். மூளை நிறம் ஏறிற்று, உடம்பு ஏறவில்லை! ஆகவே மூளைக்குப் பிடிக்கும் குணம் இருக்கிறது, நடுவில் ஏதோ ஒரு தடை இருக்கிறது என்று தெரிந்தது. குரு சொன்னதைச் சீடர் சோதித்து, அப்படியல்ல என்று காட்டினார். இதற்காக அவரை யாரும் குருத்துரோகி என்று சொல்லவில்லை. அறிவு ஒரு படி மேலே ஏறிற்று, அவ்வளவுதான்.

அந்தத் தடை என்னவென்றால், மூளைக்குள் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரேயாகும். மற்ற இடங்களில் அந்தச் சுவரின் உயிரணுக்களுக்கு நடுவே சந்து உண்டு. மூளையிலோ அவை ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. விஷமும் கிருமியும் உள்ளே போகாமல் காப்பது அந்தப் பூட்டு. நம் ஊர்க் கோயில் வாசல்களில் முன்பு நின்ற காவலைப்போல அது பிறப்பைக் கேட்பதில்லை. பொருளின் அளவையும் இரசாயனக் குணத்தையும் மட்டுமே பார்க்கிறது. ஆனால் நல்ல மருந்தையும் அது வெளியே நிறுத்திவிடுகிறது. மூளையில் கட்டி வந்தால், மற்ற இடங்களில் வேலை செய்யும் மருந்து அங்கே போதிய அளவு போய்ச் சேராததற்கு இது ஒரு பெரிய காரணம்.

நுரை என்றால் எப்படிப்பட்ட நுரை?

இப்பொழுது ஊசிக் காற்றுக் கேள்விக்கு வருவோம். பெரிய காற்றுக் குமிழி இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டால் ஆபத்து என்பது உண்மை. இங்கே சொல்லும் குமிழியோ மிகவும் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் இரத்தத்தின் சிவப்பணு 7, 8 மைக்ரான் அகலம். இந்த நுண்குமிழிகள் 1 முதல் 10 மைக்ரானுக்குள் அடங்குபவை, பெரும்பாலானவை சிவப்பணுவைவிடச் சிறியவை. ஆகவே சிவப்பணு போகும் சந்துகளில் எல்லாம் அவையும் போகும். ஒரு தடவைக்குக் கோடிக்கணக்கான குமிழிகளைச் செலுத்தினாலும் அவற்றிலுள்ள வாயு எல்லாம் சேர்ந்து ஓரிரு சொட்டுத் தண்ணீரின் அளவுதான் இருக்கும்.

உள்ளே இருப்பதும் சாதாரணக் காற்றல்ல. காற்றாயிருந்தால் இரத்தத்தில் உடனே கரைந்து குமிழி மறைந்துவிடும். அதனால் இரத்தத்தில் எளிதில் கரையாத கனமான வாயுவை உபயோகிக்கிறார்கள். மேலே மெல்லிய தோல் ஒன்று உண்டு. முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கிறதே, அந்த வகையைச் சேர்ந்த கொழுப்பினாலோ, இரத்தத்திலேயே உள்ள அல்புமின் என்னும் புரதத்தினாலோ அதைச் செய்கிறார்கள். சில நிமிஷங்களில் குமிழி கலைந்து, வாயு மூச்சு வழியாக வெளியே போய்விடுகிறது.

இதை முதலில் மருந்துக்காக யாரும் தேடவில்லை. 1968ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ரேமண்ட் கிராமியக், பிரவின் ஷா என்ற இரு வைத்தியர்கள், இருதயத்தை அல்ட்ராசவுண்டினால் பார்த்துக்கொண்டிருக்கையில், ஊசி மூலம் திரவம் செலுத்திய உடனே படத்தில் பளிச்சென்று மேகம் போலத் தோன்றுவதை எழுதி வெளியிட்டார்கள். ஊசியோடு போன சின்னஞ்சிறு குமிழிகளே அந்த மேகம். அதிலிருந்து, படம் தெளிவாகத் தெரிவதற்காகக் குமிழிகளைச் செய்து விற்கலானார்கள். படம் பிடிக்க உதவும் இந்தக் குமிழிகள் பல தேசங்களில் அனுமதி பெற்று உபயோகத்தில் இருக்கின்றன.

ஒலி என்ன செய்கிறது?

மனிதக் காது வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். அதற்கு மேற்பட்டது கேளா ஒலி. பூச்சி தின்னும் வௌவால் இருட்டில் வழி கண்டுபிடிப்பது அத்தகைய ஒலியினால்தான். ஆஸ்பத்திரியில் "ஸ்கேன்" என்று நாம் சொல்லும் கருவியின் ஒலியோ வினாடிக்குப் பத்து இலட்சக்கணக்கில் அதிரும்.

ஒலி என்பது அமுக்குவதும் இழுப்பதுமான அலை. தண்ணீரையும் சதையையும் எளிதில் அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம். ஆகவே அலை வரும்போது சதை பெரும்பாலும் சும்மா இருக்க, குமிழி மட்டும் சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து ஆடுகிறது. ஊஞ்சலை அதன் தாளத்திற்குத் தக்கபடி தள்ளினால் சிறிய தள்ளுக்கே உயரப் போவதைப் பார்த்திருக்கிறீர்கள். நுண்குமிழியின் இயல்பான தாளமும், ஆஸ்பத்திரிக் கருவியின் அதிர்வும் ஒரே அளவு வட்டத்தில் அமைந்திருக்கின்றன. அதனால்தான் இந்த வேலை கைகூடுகிறது.

ஒலியை மிதமாக விட்டால் குமிழி ஆடி ஆடிக் குழாயின் சுவரைத் தள்ளுகிறது, இழுக்கிறது. பூட்டியிருக்கும் உயிரணுக்கள் சற்றே விலகுகின்றன. மருந்து உள்ளே இறங்குகிறது. கொஞ்சம் கூட்டினால் குமிழி வெடித்து, பக்கத்து உயிரணுவின் தோலில் நுண்ணிய துளை போடுகிறது. மூன்றாவதாக, குமிழியின் மேலேயே மருந்தைக் கட்டி அனுப்பி, வேண்டிய இடத்தில் ஒலியால் உடைத்து மருந்தை விடுவிக்கவும் செய்கிறார்கள். இந்த மூன்றாவது வழியில் நம் தேசத்திலும் வேலை நடக்கிறது. மருந்து அடைத்த கொழுப்புப் பைகளை மைக்ரானிலும் சிறிய குமிழிகளோடு இணைத்துப் புற்றுநோயின் மேல் சோதித்த ஆராய்ச்சியை, பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் 2019ல் வெளியிட்டார்கள்.

முக்கியமானது என்னவென்றால், குமிழி உடம்பெங்கும் சுற்றுகிறது. ஒலியோ வைத்தியர் குறி வைத்த இடத்தில் மட்டும் குவிகிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் மடை திறக்கிறது. மற்ற இடத்தில் திறப்பதில்லை.

இதுவரையில் நடந்தது என்ன?

2001ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குல்லர்வோ ஹைனினென் என்பவரும் அவருடைய தோழர்களும், முயல்களின் மூளையில் குறித்த இடத்தில் மட்டும் அந்தத் தடையை இந்த முறையால் திறந்து காட்டினார்கள். மனிதரிடம் சோதிக்க மேலும் பல வருஷங்கள் ஆயின. 2015 நவம்பரில் கானடாவின் டொரான்டோ நகரில் சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில், மண்டையைத் திறக்காமலே, மூளைக் கட்டி உள்ள ஒருவருக்கு இவ்வாறு தடையைத் திறந்து மருந்து கொடுத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிக் கருவிகள் பொருத்திய தலைக்கவசம் அதற்கு வேண்டியிருந்தது. திறந்த தடை சுமார் ஒரு நாளில் தானே மூடிக்கொள்கிறது.

நார்வே தேசத்தின் பெர்கன் நகரில், கணையப் புற்றுநோய் கொண்ட 10 பேருக்கு மருந்தோடு குமிழியையும் ஒலியையும் சேர்த்துக் கொடுத்து 2016ல் கணக்கு வெளியிட்டார்கள். அவர்கள் உயிரோடிருந்த காலத்தின் நடு அளவு 17.6 மாதம், முன்பு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 17 மூளைக் கட்டி நோயாளிகளிடம் செய்த சோதனை 2023ல் வெளிவந்தது. ஒலி பட்ட இடத்தில் ஒரு மருந்து சுமார் 4 மடங்கும், மற்றொன்று சுமார் 6 மடங்கும் அதிகமாகச் சேர்ந்திருந்தது.

இதைக் கேட்டு உடனே கைதட்ட வேண்டாம், தோழர்களே! 10 பேர் என்பது ஒரு பஸ்ஸில் நிற்கிற ஆள்கூட இல்லை. அந்த 10 பேரை ஒப்பிட்டது பழைய நோயாளிகளின் கணக்கோடு. ஒரே காலத்தில் சீட்டுப் போட்டுப் பிரித்த இரண்டு கூட்டத்தாரை ஒப்பிட்டதல்ல. மருந்து அதிகமாகச் சேர்ந்தது என்பதும் ஆள் பிழைத்தார் என்பதும் ஒன்றாகா. மறதி நோயுள்ள 3 பேருக்கு இம்முறையில் மருந்து கொடுத்த கணக்கு 2024ல் வந்தது. ஒலி பட்ட இடத்தில் மூளையில் படிந்த அழுக்கு அதிகமாகக் குறைந்தது உண்மை. ஞாபகம் திரும்பியது என்று அந்த வைத்தியர்களே சொல்லவில்லை. கதவைத் திறப்பது ஒரு வேலை. உள்ளே போகிறவன் வேலை தெரிந்தவனாக இருப்பது இன்னொரு விஷயம். ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டினால் குழாய் கிழிந்து இரத்தம் கசியும் என்பதும் பிராணிச் சோதனையில் கண்ட உண்மை. ஆகவே மருந்து செலுத்த இம்முறையை உபயோகிப்பது இன்னமும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது.

தங்கள் முறையின் குறையைத் தாங்களே எண்ணிச் சொல்லுகிற இந்தக் குணத்தைக் கவனியுங்கள். எந்த மந்திரவாதியாவது, "நான் பத்துப் பேருக்குத்தான் மந்திரித்தேன், அது போதாது, இன்னும் பார்க்க வேண்டும்" என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

"அன்றே சொன்னார்கள்" என்பவர்களுக்கு

நிற்க, இப்படி ஒரு சங்கதி வந்தவுடனே, "ஒலியின் சக்தியை எங்கள் முன்னோர்கள் அன்றே கண்டார்கள், மந்திரமும் மணியோசையும் அதற்குத்தான்" என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராயிருக்கும். அவர்களை நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. கணக்குக் கேட்டால் போதும். கோயில் மணி வினாடிக்குச் சில நூறு, சில ஆயிரம் தடவை அதிர்கிறது. மனிதக் குரலின் அடிச்சுருதி சில நூறைத் தாண்டுவதே அரிது. இந்த வேலைக்கு இலட்சக்கணக்கில் அதிர வேண்டும், ஒரு புள்ளியில் குவிய வேண்டும், குமிழி வேண்டும், மருந்து வேண்டும். இதில் எது அவர்களிடம் இருந்தது? இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்தார்கள்? அந்தக் கணக்கு எங்கே?

கருவி ஒன்று, குறி இரண்டு

இன்னும் ஒன்று சொல்லாமல் நாம் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இந்தக் கேளா ஒலி நம் பக்கத்திற்குப் புதிதல்ல. நமக்கு மேற்கே உள்ள உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்களைக் கொல்லும் வழக்கம் இருந்ததை 1986ல் "இந்தியா டுடே" பத்திரிகை வெளியிட்டு, தேசமே அதைக் கேட்டது. வரதட்சணைக்குப் பயந்தும், பெண்ணென்றால் செலவு என்று எண்ணியும் செய்த கொலை அது. பின்னர் தேசத்தின் பல பாகங்களில் ஸ்கேன் கருவி வந்தது. தாயையும் சிசுவையும் காப்பாற்றுவதற்காக வந்த அந்தக் கருவியையே, வயிற்றிலிருப்பது பெண் என்று கண்டு அழிப்பதற்கு உபயோகித்தார்கள். அதைத் தடுக்க 1994ல் சட்டம் செய்து, 2003ல் அதை இன்னும் இறுக்க வேண்டியதாயிற்று. இன்று ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்திலும் "இங்கே ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது" என்று பலகை தொங்குகிறதே, அந்தப் பலகை நம் சமூகத்தின் வெட்கத்தைச் சொல்லுகிற பலகையல்லவா?

கருவிக்குக் குறி பார்க்கத் தெரியும். எதைக் குறி பார்ப்பது என்று தெரியாது. அதைச் சொல்லுகிறவன் மனிதன். அவன் தலையில் பெண் இழிவு என்ற பழைய எண்ணம் இருந்தால், கருவி எவ்வளவு புதிதானாலும் அந்தப் பழைய வேலையைத்தான் செய்யும். விஞ்ஞானத்தை விலைக்கு வாங்கிவிடலாம். பகுத்தறிவை வாங்க முடியாது.

நாம் செய்ய வேண்டியது

ஆதலால், தோழர்களே! நாளைக்கு யாராவது, "குமிழி வைத்தியம் செய்கிறோம், எந்தக் கட்டியையும் கரைக்கிறோம்" என்று விளம்பரம் போட்டுக்கொண்டு வந்தால், காட்டை விற்று மாட்டை விற்று அவர் காலில் கொட்டிவிடாதீர்கள். எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? யாரோடு ஒப்பிட்டீர்கள்? எந்த வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டீர்கள்? அரசாங்க அனுமதி எங்கே? சோதனையென்றால் நோயாளியிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். உண்மையான வைத்தியர் சந்தோஷமாகப் பதில் சொல்லுவார், போலி கோபித்துக்கொள்வார்.

அதேபோல், கையில் இருக்கும் வைத்தியத்தை விட்டுவிட்டு வரப்போகும் வைத்தியத்திற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கட்டி தோன்றினால் பூசாரி வீட்டுக்கு மூன்று மாதம் நடந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவதே இன்றைக்கும் பலரைக் கொல்லுகிறது. முதலிலேயே வந்தால் கரையை வெட்டும் மருந்தினாலும் பிழைப்பவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக ஒன்று. இந்த முறை சோதனையில் தேறி வெளிவருமானால், டொரான்டோவிலும் சிகாகோவிலும் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? பெரியவர்கள் இன்னமும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்லுகிற நம் அரசாங்க இராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அது வர வேண்டும். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற கூலிக்காரருக்கும், அவருடைய மனைவிக்கும், மகளுக்கும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும். மருந்தை நோய் உள்ள இடத்தில் சேர்ப்பது விஞ்ஞானியின் வேலை. வைத்தியத்தை நோயாளி உள்ள இடத்தில் சேர்ப்பது நம்முடைய வேலை. அதற்கு மடை திறக்க எந்த ஒலியும் போதாது. நீங்கள்தான் கேட்க வேண்டும், காதில் விழும்படியான குரலிலேயே கேட்க வேண்டும்.